பரோன் ஃபுளுஸ்டாலின் துப்பாக்கி

இத்தாலியில், கால்சா என்ற பகுதியில், சின்னோரா என்று எல்லோரும் அழைக்கும் வீட்டுக்கார அம்மாவின் வரவேற்பறையில், ஒரு பழைய மூன்று குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு முழிக்கிறேன். இங்கே வேலை செய்யும் என் மச்சாள் றெஜினா, "என்ரை மச்சான் ஜெர்மனியிலயிருந்து வாறார், துவக்கைப் பாத்து எல்லாம் சொல்லுவார்" என்று அளந்து வைத்திருக்கிறாள். ஜெர்மனியில் நான் பஸ் ஓட்டுகிறேன்.

சின்னோராவின் பூட்டனாருக்கு இதைப் பரிசாகக் கொடுத்தவர் ஒரு ஜெர்மன் பிரபு, பரோன் ஃபுளுஸ்டாலாம். குழலில் பெயரே வெட்டியிருக்கிறது. ஈஸ்டர் விருந்தில் பரோனை நினைத்து எல்லோரும் வைன் குடிப்பார்களாம். பூனைக்கும் அவர் பெயர்தான்.

ஜெர்மன் மொழியில் ஃபுளுஸ்டால் ஆளின் பெயர் இல்லை, ஒரு வகை உருக்கு. எதற்கும் என்னோடு பஸ் ஓட்டுகிற வேட்டைக்காரன் ஒருவனுக்குப் படம் அனுப்புகிறேன். உடனே பதில் வருகிறது: "மேலே இரண்டு குழலும் சிதறிப் பாயும் சிறு சன்னத்துக்கு, கீழே உள்ளது ஒற்றைக் குண்டுக்கு. சோதனை முத்திரையில் பழைய காலத்துக் கிரீடம் இருக்கிறது. ஆகவே இரண்டாம் உலகப் போருக்கு முந்தியது. ஃபுளுஸ்டால் உருக்கேதான்."

"மச்சாள், உண்மையைச் சொல்லட்டோ?"

"ஓம், சொல்லுங்கோ. ஆனா என்ரை வேலை போகாத மாதிரிச் சொல்லுங்கோ."

சொல்கிறேன். மச்சாள் பயந்து பயந்து இத்தாலியனில் சொல்கிறாள். சின்னோரா துப்பாக்கியை என்னிடமிருந்து வாங்கி, குழலைத் தடவி யோசிக்கிறார். பிறகு முகமெல்லாம் மலர ஏதோ சொல்கிறார்.

"என்னவாம்?"

மச்சாள் சிரிப்பை அடக்குகிறாள். "பரோன் எவ்வளவு பெரிய ஆளெண்டால், உருக்குக்கே அவரின்ரை பேரை வைச்சிருக்கினமாம்!"