சின்னக்கா கொடுக்க முடியாத சிறுநீரகம்

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் லாண்டரியில் சின்னக்காவுக்கு இஸ்திரி வேலை. அங்கே அவள் பெயர் ரேடியோ. நீராவி இரைச்சலில் பக்கத்து மேசைக்காரி பேசுவதே காதில் விழாது; இவள் குரல் மட்டும் வாசல்வரை கேட்கும். அந்த நீராவியில் நின்றுதான் என்னைப் பட்டதாரி ஆக்கினாள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

பெரியக்காவுக்கு லூபஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, உடம்பையே எதிரியாக நினைத்துத் தாக்கும் நோய். அவள் சிறுநீரகம் இரண்டையும் அது முடித்துவிட்டது. டயாலிசிஸில்தான் உயிர் ஓடுகிறது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்தாயிற்று. என் ரத்த வகை முதலிலேயே சேரவில்லை.

"என்னோடதுல ஒண்ண எடுத்து வைங்க டாக்டர். எனக்கு எதுக்கு ரெண்டு?" என்று போய் நின்றாள் சின்னக்கா.

பொருத்தம் முழுதாக இருந்தது. கூடப்பிறந்தவர்கள் எல்லாருக்கும் இப்படி அமையாது என்றார் டாக்டர். லாண்டரி முழுக்க அறிவித்துவிட்டாள். பெரியக்கா அன்றைக்குத்தான் கண்ணாடி பார்த்துத் தலை வாரினாள்.

அடுத்த பரிசோதனையில் எல்லாம் கவிழ்ந்தது. சின்னக்காவின் ரத்தத்திலும் அதே நோயின் அடையாளங்கள். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருந்தது.

"எங்க அம்மா அப்பாவுக்கு இது இருந்ததில்லையே டாக்டர்?"

"ஒரே மரபணுவால வர்றது இல்லம்மா இது. நிறைய மரபணு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா தள்ளும். அம்மாகிட்டேருந்து சிலது, அப்பாகிட்டேருந்து சிலதுன்னு உங்ககிட்ட சேர்ந்திருக்கலாம். கூடப்பிறந்தவங்களுக்கு வாய்ப்பு அதிகம். அதுக்காக எல்லாருக்கும் வந்துடாது."

பொருத்தம் பார்க்கிற மரபணுக்களிலேயே சில இந்த நோய்க்கும் வழிவிடுபவையாம். எதைக் கேட்டு லாண்டரியே கைதட்டியதோ, அதுவேதான். அவர் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"தம்பி, அவகிட்ட மூச்சு விடாத," என்றாள் சின்னக்கா, படியில் இறங்கும்போது. "எனக்கு ஒரு கிட்னி சின்னதா இருக்காம்னு சொல்லிக்கலாம்."

டயாலிசிஸ் அறையில் அப்படியே சொல்லவும் செய்தாள்.

"சின்னதா? எல்லா இடத்தையும் வாய்க்கே குடுத்துட்டியா?" பெரியக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே தங்கையின் கையைப் பிடித்தவள், பிடியை விடாமல் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்.

"காலையில எழுந்ததும் மடக்க முடியுதா?"

"இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை. பின்னே பூ மாதிரியா இருக்கும்?"

"எத்தனை மாசமாடி?"

சின்னக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"வெயில் காலத்துலேருந்து," என்றாள் கடைசியில்.

"எனக்கும் கையிலதான் ஆரம்பிச்சது."

பெரியக்கா என் பக்கம் திரும்பினாள்.

"டேய், எனக்காக இனிமே யார்கிட்டயும் போய் நிக்காத. எவனாவது குடுக்க வந்தா, இவளுக்குன்னு சொல்லி வை."