அறிவிப்பாளரின் தொண்டை

அவள் பேருந்து நிலைய அறிவிப்பாளர். தீக்காயத்தால் எலும்பும் தோலுமாகிப் போனவளுக்கு, எடை கூடுவதற்காக மருத்துவர் ஆண் ஹார்மோன் வகை ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார். குரல் தடித்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருந்தார். தினமும் அவள் வீட்டுக்குப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப்போட்டவள், அவளுக்குப் பெரியம்மா முறையான நான். அவளுக்குச் சதை பிடித்தது. கூடவே குரலும் கட்டைக் குரலாயிற்று.

"என்னடி, தொண்டைக்குள்ள ஆம்பளையைக் குடி வெச்சிருக்கியா?"

"சளி, பெரியம்மா."

"மாத்திரையை நிறுத்தினியா?"

"இப்பதான் சட்டை தொளதொளன்னு தொங்காம இருக்கு. நிறுத்தினா மறுபடி குச்சியாயிடுவேன்."

அன்றே மருத்துவரிடம் இழுத்துப் போனேன். நல்லவேளை, மாத்திரையால் ஈரல் கெடவில்லை, ஆனால் பழைய குரல் திரும்புமென்று சொல்ல முடியாது என்றார்.

புண் ஆறிவிட்டது. குரல் அப்படியேதான் இருக்கிறது. இப்போது அவளுக்குப் பயணச்சீட்டு கொடுக்கும் வேலை. கட்டணம் எவ்வளவென்று கேட்டால் வாயைத் திறக்காமல் விரல்களை விரித்துக் காட்டுகிறாள்.