நம்பர் போட்ட மோட்டார்கள்

கல்யாணமாகி நான் பேட்டைக்கு வந்தபோது என் கணவர் அங்கே மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுக்கம்பி சுற்றிக் கொடுக்கும் வேலை. அவர் கட்டிய மோட்டார் திரும்பி வராது என்று ஆற்றோரத்து விவசாயிகள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பட்டறைக்குள் கால் வைக்க இடமிருக்காது. எந்த மோட்டாரைக் கழற்றினாலும் அதன் போல்ட்டும் நட்டும் ஒரே இரும்புச் சட்டியில்தான் விழும். யாருடையது எது என்று கேட்டால், "எல்லாம் என் மண்டைக்குள்ள இருக்கு" என்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஒருநாள் காலையில் சீவலப்பேரியிலிருந்து ஒரு அம்மாள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். நான்கு நாளைக்கு முன் மோட்டார் கொடுத்திருந்தாள். நாற்று பாவியிருந்த நிலம் காய்ந்துகொண்டிருந்தது. என் கணவர் ஒவ்வொரு மோட்டாராகப் புரட்டிப் பார்த்தார். அவள் மோட்டார் இல்லை.

"என்ன அண்ணாச்சி, பிள்ளையத் தொலைச்ச மாதிரி முழிக்கிய?" என்றாள்.

நான் அடுப்படியிலிருந்து வந்து, மோட்டாருக்கு ஏதாவது அடையாளம் உண்டா என்று கேட்டேன்.

"பச்சைப் பெயிண்டு. ஒரு கால் ஒடைஞ்சு வெல்டு வச்சிருக்கும்."

அவர் முகம் வெளுத்தது. முந்தின நாள் அதே நிறத்தில் ஒரு மோட்டாரை வேறு ஒருவருக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். ஆள் முகம் நினைவிருந்தது, ஊர் நினைவில்லை. டெம்போ ஸ்டாண்டில் விசாரித்ததில், ஏற்றிப்போன டிரைவர் இடம் சொன்னார். அதே டெம்போவில் நாங்கள் மூவரும் போனோம்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெல்டு வைத்த கால் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. அந்த அம்மாள் தன் மோட்டார் இன்னொருவர் வயலுக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓடுத மோட்டாரை நிப்பாட்டச் சொல்லுதியளே, என் நாத்துக்கு யாரு பதில் சொல்லுவா?" என்றார் வயல்காரர். அவர்மேல் தப்பே இல்லை. அவருடைய பச்சை மோட்டாரோ பட்டறையில் இன்னும் பிரிக்கப்படாமல் கிடந்தது. என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் வயல்காரரே சுவிட்சை அணைத்தார். "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள என்னோடது வந்திரணும் வே" என்றார்.

வந்துவிட்டது. அவர் சொன்ன நேரத்துக்கு முன்பே கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார் என் கணவர். ஆனாலும் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. தொழில் தெரியாத ஆளுக்கு இப்படி நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பட்டறையின் ஒரு கதவை மட்டும் திறந்துவைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் வெளியே எடுத்துப்போட்டேன். இரண்டு நாள் ஆனது. பக்கத்துப் பெயிண்ட் கடையில் காலி டப்பாக்கள் வாங்கிவந்து கழுவினேன். ஒவ்வொரு மோட்டார் முதுகிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு நம்பர். அதன் போல்ட், நட்டு போட ஒரு டப்பா, அதிலும் அதே நம்பர். ஒரு நோட்டில் ஆள் பெயர், ஊர், என்ன கோளாறு என்று எழுதினேன்.

"மோட்டார் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, நம்பர் போட?" என்றார்.

"நம்பர் இல்லாத மோட்டார்ல நீங்க ஸ்பானர் வைக்கப்படாது."

ஒரு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய சட்டியில் போல்ட்டைப் போடுவார்; நான் எடுத்து டப்பாவில் போடுவேன். பிறகு ஒருநாள் அவர் கையே டப்பாவைத் தேடிப் போனது.

அதற்கடுத்த மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளம் ஏறியது. கரையோரத்து மோட்டார்களெல்லாம் முங்கிப்போயின. வண்டி வண்டியாகச் சேறு அப்பிய மோட்டார்கள் வந்தன. தெரு வரை நின்றன. சேற்றில் பச்சையும் நீலமும் ஒரே நிறமாகத் தெரிந்தன. இறக்கும்போதே துடைத்து நம்பர் போட்டேன். அந்தச் சீவலப்பேரி அம்மாளும் வந்தாள், அண்டை வயல்காரர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு. "இங்கன மதினி கையில குடுங்க. மாறாது" என்று என்னைக் காட்டி அவர்களிடம் சொன்னாள்.

மாறவில்லை. எல்லா மோட்டாரும் அதனதன் வயலுக்கே திரும்பின. ஒரு வாஷர்கூட மிச்சமில்லை. பட்டறைத் தரையைக் கூட்டிப் பெருக்கியபோது என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது; அதை மறைக்கத் தோன்றவும் இல்லை.

பொங்கல் கழிந்து, எதிர் வரிசை லேத் பட்டறைக்காரர் வாசலில் வந்து நின்றார். என் கணவரிடம்தான் பேசினார். "அண்ணாச்சி, உங்க வீட்டுக்காரம்மாவை ஒருநாள் எங்க பட்டறைக்கு அனுப்ப முடியுமா? உள்ள நுழைஞ்சா எனக்கே வழி தெரிய மாட்டேங்கு."

"அவகிட்டயே கேளுங்க. எங்க பட்டறைக்கே அவதான் முதலாளி" என்றார் என் கணவர்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக நான் தெருவைக் கடந்து போனேன்.