ரிஜெக்ட் அக்காவின் தட்டுகள்

எங்கள் தெருவில் அவரைச் சொந்தப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டுக்காரர் "இந்தா" என்பார். மற்ற எல்லோருக்கும் ரிஜெக்ட் அக்கா. ஏற்றுமதிக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே ஒரு நீள மேசை. தைத்து வரும் சட்டையைப் புரட்டி, காலரை நீவி, கைமடிப்பை இழுத்துப் பார்த்து, எங்கேயாவது தையல் விட்டிருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிட வேண்டும். வாயைத் திறக்கத் தேவையே இல்லாத வேலை. ஆனாலும் அக்கா திறப்பார்.

ஒருமுறை சரக்கு கிளம்புகிற அவசரத்தில் சூப்பர்வைசர் வந்து, "காலர் கொஞ்சம் கோணல்தான், கண்டுக்காம விடும்மா" என்றாராம். "கொஞ்சம் கோணல், நிறைய கோணல்னு என்கிட்ட ரெண்டு ஸ்டிக்கர் இல்ல சார்" என்று அந்தக் கட்டு முழுக்க அம்பு ஒட்டிவிட்டார். மறுநாளே பிசிறு வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். போய்த் தரையில் உட்கார்ந்து பிசிறு வெட்டினார். மேசைக்கு ஆள் போதாமல் திரும்பக் கூப்பிட்டபோது, "வர்றேன். ஆனா இனிமே நின்னுக்கிட்டே பார்க்க மாட்டேன். நாற்காலி போடுங்க" என்றார். அந்த மேசையில் இன்றைக்கு எல்லாருக்கும் நாற்காலி இருக்கிறது.

அப்படிப்பட்ட ஆளின் வீட்டுக்குள் ஒரு மழைநாளில் சாக்கடை புகுந்தது.

தரைத்தள வீடு. கட்டில் கால் முழுகுகிற அளவுக்குத் தண்ணீர். அதில் மிதந்து வந்தவை கப்புகள், தட்டுகள், மறுபடியும் கப்புகள். அக்கா ஒன்றை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் பூச்சு.

"பேப்பர் கப்புன்னு சொன்னாங்க. பேப்பர்னா இந்நேரம் கரைஞ்சிருக்கணும்ல?"

"கரையறதுக்கு அதுக்கு மனசு வரல போல" என்றார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டும் ஜோக் அடிப்பார்.

மழை விட்டதும் நகராட்சி ஆட்கள் வந்து சாக்கடை மூடியைத் திறந்து அள்ளிப் போட்டார்கள். குவியலைச் சுற்றிக் கூடிய தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நகராட்சி சரியில்ல" என்றார்கள்.

"மேல் வீட்டு மொட்டை மாடியில நகராட்சியா வந்து பிறந்தநாள் கொண்டாடிச்சு?" என்று கேட்டார் அக்கா.

அடுத்த முறை குப்பை வண்டி வருவதற்குள் தெருவில் பாதி வீட்டு வாசல் குப்பைப் பையில் சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. எந்தப் பையில் அந்தக் கப்பும் தட்டும் பிதுங்கிக்கொண்டிருந்ததோ அந்தப் பையில். இஸ்திரிக்கடைக்காரர் கரண்டு போன இஸ்திரிப் பெட்டியோடே வெளியே வந்துவிட்டார்.

"என் வாசல்ல வந்து ஒட்டறதுக்கு நீ யாரு?"

"செக்கர்."

"சட்டைக்குத்தானே செக்கர்?"

"உங்க குப்பை என் கட்டிலுக்கடியில வந்து படுத்துச்சு. அன்னைலேருந்து அதுக்கும் நாந்தான்."

சண்டை நன்றாகவே நடந்தது. கடைசியில் அவர் கேட்ட கேள்விதான் அக்காவின் வாயை அடைத்தது. "சரி, ஒட்டிட்ட. நாளைக்கு எங்க வீட்டு விசேஷத்துக்குத் தெரு பூரா வந்தா எதுல சாப்பாடு போடறது? உன் தலையிலயா?"

அக்கா ஸ்டிக்கர் அட்டையை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதில் வந்து சேரக் கொஞ்ச நாள் ஆனது. ஒரு லோடு ஆட்டோவில் வந்தது. கம்பெனி கேன்டீனில் கழித்துப் போட்ட பழைய எவர்சில்வர் தட்டுகள். அவற்றோடு தெருவில் வீடு வீடாக ஏறி, பரணில் சும்மா கிடந்த தட்டையும் டம்ளரையும் கேட்டு வாங்கினார். லிஃப்டில் மேலே, கீழே என்று காட்ட அடிக்கும் பெயின்ட்டால் வீட்டுக்காரர் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்பு அம்பு வரைந்து கொடுத்தார். தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே பூட்டிக் கிடந்த பழைய மோட்டார் அறையைக் கவுன்சிலர் வாய்வார்த்தையாகக் கொடுத்தார். திறந்துவைத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்.

இனி தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் தட்டு இங்கிருந்து போகும், இங்கேயே திரும்பி வரும்.

முதல் விசேஷம் இஸ்திரிக்கடைக்காரர் வீட்டிலேயே நடந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள், ஆகா ஓகோ என்றார்கள், தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். குவிந்து கிடந்ததைத் தெருப் பெண்கள் பொழுது சாய்கிறவரை குனிந்து தேய்த்தார்கள். இஸ்திரிக்காரர் மனைவி நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னார். "உன் சாக்கடை சுத்தமாயிடுச்சு. என் முதுகு ஒடிஞ்சிடுச்சு. அடுத்த தடவையும் இப்படித்தான்னா, நானே போய் அந்தக் கப்பை வாங்கி வச்சுடுவேன்."

அங்கேதான் சட்டம் பிறந்தது. சாப்பிட்டவர் கழுவணும். மூன்று தொட்டி. ஒன்றில் வழித்துப் போடு, அடுத்ததில் தேய், கடைசியில் அலசு. குழந்தைக்கும் உடம்பு முடியாதவருக்கும் மட்டும் விலக்கு. மற்றபடி யார் தட்டையும் யாரும் தொடக்கூடாது. "ஒருத்தருக்குச் சலுகை கொடுத்தா அன்னைக்கே கடையை மூடிடலாம்" என்றார் அக்கா. பெண்களும் அதற்குத்தான் சம்மதித்தார்கள். சலுகை வந்தால் நாங்கள் இல்லை என்பதுதான் ஒப்பந்தம்.

நான் இந்தக் கதைக்குள் வருவது மாடி வழியாக. இஸ்திரிக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் தங்கித்தான் கல்லூரியில் படித்தேன். அக்கா என்னை முதல் வருஷமே "டிகிரி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

"இன்னும் வாங்கலக்கா."

"வாங்கினப்புறம் ஊரே கூப்பிடும். அதுல எனக்கு என்ன பெருமை?"

வாங்கினேன். எங்கள் வம்சத்தில் முதல் ஆள். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கிறார்கள். நான் தாழ்த்துவதாக இல்லை. தெருவிலேயே பந்தல் போட்டுச் சாப்பாடு வைத்தேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பெரிய வீடுகளில் விசேஷம் என்றால் அவரைக் கூப்பிடுவார்கள், சாப்பிட அல்ல. மற்றவர்கள் சாப்பிட்டு எழுந்த பாத்திரங்களைக் கொல்லையில் உட்கார்ந்து தேய்ப்பதற்கு. அந்த ஊரை நினைத்து எனக்கு ஏக்கம் எதுவும் வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அன்றைக்கு நான் சாப்பிட்டு எழுந்ததும் அப்பா பாய்ந்து வந்து என் தட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொடுடா. பட்டம் வாங்கின கை."

தொட்டிப் பக்கம் நின்ற அக்கா விடவில்லை. "ஐயா, உங்க தட்டு உங்களுக்கு. டிகிரி தட்டு டிகிரிக்கு."

"எனக்கு இது பழக்கந்தாம்மா."

"அதனாலதான்யா வேணாங்கறேன்."

அப்பா என் தட்டை விட்டுவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டார். பிறகு வரிசையில் வந்து என் பின்னால் நின்றார். அவர் முறை வந்ததும் தன் தட்டை மட்டும் தண்ணீரில் முக்கினார். "இவ்வளவுதானா?" என்று சுற்றிப் பார்த்துச் சிரித்தார். ஒரே ஒரு தட்டு, அதுவும் அவர் சாப்பிட்டது. அதை ரொம்ப நேரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவுன்சிலர் வந்தார். நான் அழைக்கவில்லை. தெருவில் கூட்டம் என்றால் அவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். கூடவே எப்போதும் அவருக்குக் குடை பிடிக்கும் ஆள். கவுன்சிலர் என் தோளில் தட்டினார், வயிறாரச் சாப்பிட்டார், எழுந்து நின்று தட்டோடு கையை ஒரு பக்கமாக நீட்டினார். பார்க்காமலேயே நீட்டினார். குடைக்காரர் அதை வாங்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினார்.

அக்கா குறுக்கே நின்றார். "இது யாரு சாப்பிட்டது?"

"தலைவர்."

"அவர் கை நல்லாத்தானே இருக்கு?"

இஸ்திரிக்கடைக்காரர் பின்னாலிருந்து, "விட்டுத் தொலை, ரூம் அவர் கொடுத்தது, போயிடும்" என்று முணுமுணுத்தார். அவர் மனைவி முணுமுணுக்கக்கூட இல்லை, சத்தமாகவே சொன்னார்: "இவருக்கு மட்டும் சலுகைன்னா நாளைலேருந்து என்னைக் கூப்பிடாத."

கவுன்சிலர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்னம்மா, என் தட்டுல தங்கமா ஒட்டியிருக்கு? அவன் கழுவினா குறைஞ்சுடுமா?"

"தங்கம் இல்லண்ணே, எச்சில்தான். எல்லார் தட்டுலயும் இருக்கிற மாதிரி."

சிரிப்பு நின்றது. "அந்த ரூமை யாரு கொடுத்ததுன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்குண்ணே. தட்டு யாரு சாப்பிட்டதுன்னும் ஞாபகம் இருக்கு."

விசேஷம் என்னுடையது. விடுங்கக்கா என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அப்பாவின் கை இன்னும் ஈரமாக இருந்தது. "வாங்கண்ணே, என் பக்கத்துல எடம் இருக்கு" என்று தொட்டியருகே நகர்ந்து நின்று காட்டினேன். கவுன்சிலர் என்னை மேலும் கீழும் பார்த்தார். குடைக்காரர் கையிலிருந்த தட்டைப் பிடுங்கி ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு விறுவிறுவென்று போனார். குடை பின்னாலேயே ஓடியது.

மறுநாள் காலை மோட்டார் அறையில் புதுப் பூட்டு தொங்கியது. தட்டுகள் எல்லாம் மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருந்ததால் உள்ளே மாட்டியது ஒரு பழைய மோட்டாரும் சில பல்லிகளும்தான். இஸ்திரிக்கடைக்காரர் பூட்டை ஆட்டிப் பார்த்தார்.

"சொன்னேன்ல? இப்ப எங்க கொண்டுபோய் வைப்ப?"

"முதல் கட்டு உங்க இஸ்திரி மேசைக்கு அடியில."

"என்னது?"

"அடுத்த கட்டு மேல் வீட்டுப் பரண்ல. அப்புறம் டிகிரி கட்டிலுக்கடியில. ஒரு ரூம்னாதானே பூட்டுவாங்க? தெருவையே பூட்டச் சொல்லுங்க பார்க்கலாம்."

அப்படித்தான் ஆனது. வீட்டுக்கு ஒரு கட்டு. யார் வீட்டில் விசேஷம் என்றாலும் எல்லா வீட்டுத் தட்டும் வந்தாக வேண்டும், தட்டோடு ஆளும் வந்தாக வேண்டும். என்னைக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொள்ளக்கூட யாருக்கும் வழியில்லாமல் போனது. சாக்கடை மூடியை மறு மழைக்குத் திறந்தபோது வெறும் மண்தான் வந்தது.

கவுன்சிலர் விட்டுப்போன தட்டை மட்டும் அக்கா கழுவவில்லை. சிவப்பு அம்பு ஒட்டி, தெருவைப் பார்த்த ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். மிச்சம் காய்ந்து ஓடானது. "எறும்பு தன் வேலையை முடிச்சுட்டுப் போயிடுச்சு. இனி தலைவர்தான் பாக்கி" என்றார் வீட்டுக்காரர். கவுன்சிலர் அதன் பிறகு எங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

காலம் அப்படியே போகவில்லை. பிளாஸ்டிக் பூசிய தட்டுக்கும் கப்புக்கும் நகராட்சி தடை போட்டது. மேடையேறி அதை அறிவித்தவரே கவுன்சிலர்தான். அடுத்த மாதமே அவர் வீட்டில் விசேஷம். சுற்றுவட்டாரத்தில் அத்தனை பேருக்குத் தட்டு இருந்த இடம் எங்கள் தெரு ஒன்றுதான். குடைக்காரர் வந்து அக்கா வாசலில் நின்றார். அன்றைக்கு வெயிலே இல்லை, ஆனாலும் கையில் குடை இருந்தது.

"அக்கா, தலைவர் வீட்டம்மா தட்டு கேட்டாங்க."

"தாராளமா. யார் கேட்டாலும் உண்டு." கட்டுகளை எடுத்துக் கொடுத்தார். கடைசியாக ஜன்னல் கம்பியிலிருந்து அந்தத் தட்டை அவிழ்த்து மேலே வைத்தார். "இது அவரோடது. கழுவித் தரச் சொல்லுங்க. அவரையே."

விசேஷம் முடிந்து தட்டுகள் திரும்பி வந்தன. எல்லாம் சுத்தம். சாப்பிட்டவர்களே கழுவினார்களாம், வீட்டம்மா நின்று பார்த்துக்கொண்டாராம். குடைக்காரர் கடைசியாக அந்த ஒரு தட்டை நீட்டினார். அதன் மேல் ஒரு சாவி.

"மோட்டார் ரூம் சாவிக்கா. தலைவர் குடுத்துவிட்டாரு. தட்டையும் அவரேதான் கழுவினாரு. கதவைச் சாத்திக்கிட்டு."

இஸ்திரிக்கடைக்காரர், அவர் மனைவி, நான், எல்லாரும் சாவியையே பார்த்தோம். அக்கா சாவியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத் தட்டை எடுத்தார். டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய்ச் சாய்த்தார். கட்டை விரலால் விளிம்பை ஒரு சுற்று தடவினார். விளிம்பின் மடிப்புக்கு அடியில் மெல்லிசாக ஒரு பழுப்புக் கோடு.

மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்தார்.

"அக்கா! சத்தியமா அவரேதான் கழுவினாரு!" குடைக்காரர் பதறினார்.

"தெரியுதுப்பா. நீ கழுவியிருந்தா ஓரம் சுத்தமா இருந்திருக்கும்." கோடு இருந்த இடத்தைக் காட்டி அம்பை ஒட்டினார். சாவியைத் திரும்பத் தட்டின் மேல் வைத்தார். "ரெண்டும் ஒண்ணா போகட்டும். தட்டு பாஸ் ஆனதும் ரெண்டும் ஒண்ணா வரட்டும்."

"ஏம்மா, வந்த சாவியை விடறியே!" என்றார் இஸ்திரிக்கடைக்காரர்.

"எதுக்கு அவசரம்? உங்க மேசைக்கடியில எடம் பத்தலையா?"

குடைக்காரர் எதற்கோ தானாகவே சிரித்துவிட்டு, தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிளம்பினார். குடையை அக்கா வாசலிலேயே மறந்துவிட்டுப் போனார்.