மொட்டைவாலிக்கு ஒட்டிய தலை

திபூர்சியா கல்யிசாயா என் சித்தப்பா மகள். லாமா மேய்க்கும் ஓடையில் உருண்டைக் கற்களைப் பொறுக்கிச் சுத்தியலால் தட்டுவாள். அவித்த உருளைக்கிழங்கு போலக் கல் இரண்டாய்ப் பிளக்கும். ஒரு பாதியில் பழங்கடலின் பூச்சி கல்லாகிக் கிடக்கும், மறுபாதியில் அதன் அச்சு. இரண்டையும் புருஷன் பெண்சாதி என்போம், பிரிக்கமாட்டோம்.

அந்த வருஷம் ஊர்த்தலைவன் அவள் கொழுந்தன் ஹிலாரியோன். லா பாஸ் நகரத்திலிருந்து கல்லைப் பற்றிப் படித்த டாக்டர் வருகிறாரென்று அவளிடம் ஒரு கல் கேட்டான். அவசரத்தில் பூச்சி இருக்கும் புருஷன் பாதியை மட்டும் வாங்கிப் போனான்.

டாக்டர் ஊர்க்கூட்டத்தில் அந்தக் கல்லைத் தூக்கிக் காட்டினார்.

"இது போலி. தலைய பசை போட்டு ஒட்டியிருக்கு. இந்தம்மாவ இனி ஓடைப்பக்கம் விடாதீங்க."

ஹிலாரியோன் கோக்கா இலையை மென்றபடி தரையைப் பார்த்தான். நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஓடையை அவளுக்கு மூடலாமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதும், சரியென்று கைகள் எழுந்தன. என் கையும் எழுந்தது.

"கைய எறக்குங்கய்யா!" என்று கத்திவிட்டு வீட்டுக்கு ஓடினாள் திபூர்சியா. மறுபாதியைத் துணியில் முடிந்து, சுத்தியலோடு கொண்டுவந்தாள்.

"டாக்டரய்யா, படிச்ச கண்ண எங்க வச்சிருக்கீங்க? இது தவளைக்கண்ணன்ங்கிற பூச்சியோட தலை. அவனுக்கு வால் ஓரமெல்லாம் சீப்புப்பல்லாட்டம் முள்ளு இருக்கும். இந்த வால் வேற பூச்சி, மொட்டைவாலியோடது, வழவழன்னு இருக்கு பாருங்க. இத நானா சேத்து ஒட்டுவேன்?"

"அப்ப யாரு ஒட்டினது?" என்றார் டாக்டர்.

அச்சைக் கல்மேல் வைத்து அழுத்தினாள். வால் கச்சிதமாய்ப் பொருந்தியது. தலை முட்டிக்கொண்டு நின்றது.

"எங்கிட்டேருந்து போனது வெறும் வால். தலை யாரு வீட்ல மொளச்சுது? நீ சொல்றியா கொழுந்தா, நான் சொல்லவா?"

"அவன் தலையவே கழட்டி ஒட்டியிருக்கலாம், சும்மாத்தான கெடக்கு!" என்றாள் பின்னால் ஒரு கிழவி.

"வெறும் வாலுன்னா டாக்டரு சிரிப்பாரே... ஊருக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான் அண்ணி..."

"ஊருக்குப் பெருமை, எனக்குப் போலிக்காரிப் பட்டமா?"

அங்கேயே ஹிலாரியோன் கையிலிருந்த தலைவர் கோலைப் பிடுங்கினார்கள். ஓடை திபூர்சியாவுக்கே என்று முடிவாயிற்று.

டாக்டர் தொப்பியைக் கையில் எடுத்தார். "ரெண்டு பாதியையும் குடுங்கம்மா. மியூசியத்துல வச்சு, சீட்டுல உங்க பேரையே எழுதறேன்."

"பேரெழுதத் தெரியுது, மன்னிப்புக் கேக்கத் தெரியலியே," என்றாள். ஒட்டிய தலையைச் சுத்தியலால் தட்டிப் பெயர்த்துக் கொழுந்தன் காலடியில் போட்டாள். இரண்டு பாதிகளையும் சேர்த்து முடிந்துகொண்டாள்.

வெளியே போகும்போது வாசலில் என்னருகே நின்றாள்.

"தூக்கின கை வலிக்குதாண்ணே?" என்றாள்.