வெள்ளைப் பக்கத்தில் ஒரு பேண்டு செட்

எங்கள் தெருவில் பதினோரு பேர் கொண்ட பேண்டு செட் ஒன்று இருக்கிறது. கோயில் திருவிழா, கல்யாணம், சவ ஊர்வலம், எதுவானாலும் ஒரே உற்சாகத்தோடு வாசிப்பார்கள். அதன் மாஸ்டர் அண்ணாச்சி தங்களுக்கு ஒரு வெப்சைட் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். லாரிக் கம்பெனிகளுக்கு வெப்சைட் செய்தே அலுத்துப்போயிருந்த நான், உடனே ஒப்புக்கொண்டேன்.

சிவப்பு யூனிஃபார்மில் பதினோரு பேரும் நிற்கும் படங்களைக் கொடுத்தார். மினுங்கும் எழுத்தும் பறக்கிற மயிலும் கட்டாயம் வேண்டும் என்றார். நான் செய்ததோ வெறும் வெள்ளைப் பக்கம். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி, அடியில் அவருடைய போன் நம்பர். புள்ளியைத் தொட்டால் கிளாரினெட் ஒரே ஒரு சுரம் வாசிக்கும். பிறகு நான்கு நொடி அமைதி. அப்புறம் எங்கோ தள்ளி இன்னொரு புள்ளி தோன்றும். சுரங்களுக்கு நடுவே இருக்கும் இடம்தான் இசை என்று அப்போது தீவிரமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி போனை வாங்கிப் பார்த்தார்.

"ஏளா, நெட்டு இல்ல போலருக்கே."

"இல்ல அண்ணாச்சி, பக்கமே அதுதான்."

"எங்க ஆளுங்க பதினோரு பேரு எங்க?"

"அந்த வெள்ளையில இருக்காங்க."

அவர் போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். அவர் மனைவி எட்டிப் பார்த்து, "ஏதோ அழுக்கு ஒட்டியிருக்கு" என்று புள்ளியை நகத்தால் சுரண்டினார். கிளாரினெட் அலறியது. அண்ணாச்சி போனைக் கீழே போட்டுவிட்டார்.

அடுத்த வாரம் வேம்பாரிலிருந்து ஒருவர் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்து கறுப்பு முத்து என்ன விலை என்று கேட்டாராம். அண்ணாச்சி என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை.

மூன்றாவது நாள் ஓடிவந்தார். தருவைகுளத்தில் ஒரு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சத்தம் ஆகாதாம். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி விட்டு விட்டு வாசிப்பியளா?" என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணாச்சியும் சரி என்று சொல்லிவிட்டார்.

நானும் பெருமையோடு போனேன். அண்ணாச்சி கிளாரினெட்டில் ஒரு சுரம் வாசித்துவிட்டு விரலை மடக்கி எண்ணினார். இரண்டு வரை எண்ணுவதற்குள் டிரம் அடிப்பவருக்குக் கை தாங்கவில்லை. டமடமவென்று அடித்துவிட்டார்.

"ஏலே, சும்மா இருலே!"

அடுத்த சுரம். மறுபடி டமடம. மறுபடி, "சும்மா இருலே!" மூன்றாவது பாட்டில் பந்தல் முழுக்கக் காத்திருந்து, சரியான இடத்தில் ஒரே குரலில் கத்தியது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் மாப்பிள்ளையின் அம்மா.

ஊர் திரும்புவதற்குள் இரண்டு கல்யாணத்துக்குச் சொல்லிவிட்டார்கள். இரு வீட்டாரும் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: டிரம்காரரைக் கட்டாயம் திட்ட வேண்டும்.

"அந்த நாலு நொடி சும்மாதான கெடக்கு," என்றார் அண்ணாச்சி. "அதுல என் குரலப் போட்டுரு."

எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் மைக்கை எடுத்தேன். ஆளில்லாமல் திட்ட வரவில்லை என்றார். டிரம்காரரைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தோம். ஏழாவது தடவைதான் சரியாக வந்தது.