நான் கேட்ட பாவசங்கீர்த்தனம்

வேதத்தைப் பற்றி வாதம் செய்வதில் மாரிகுப்பத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்தது மட்டுமா, சொல்லிக்கொண்டும் திரிந்தேன். சின்ன வயதில் எங்கள் கத்தோலிக்கக் கோயில் உபதேசியார் ஞானோபதேசம் முழுவதையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். மாதாவை ஏன் வணங்குகிறோம், உத்தரிக்கிற ஸ்தலம் உண்டா, சுரூபம் வைப்பது விக்கிரக ஆராதனையா என்று எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் பதில் என் நாக்கு நுனியில் இருக்கும். அந்த நாக்கைத்தான் இப்போது நினைத்தால் பிடுங்கிப் போடலாம் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பூசையும் புரோட்டஸ்டாண்டுக்காரர்களின் ஆராதனையும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் முடியும். இரண்டு கூட்டமும் கடைத்தெருவில் இருந்த ஒரே ஆப்பக்கடைக்குத்தான் வந்து சேரும். ஆப்பம் வேகிற நேரத்தில் வாதம் தொடங்கும். அவர்களை நாங்கள் வேதம் தவறிய பதிதர் என்போம், எங்களை அவர்கள் பொம்மை கும்பிடுகிறவர்கள் என்பார்கள். மறுநாள் எல்லோரும் ஒரே கேஜில், அந்த இரும்புக் கூண்டில், நெருக்கியடித்துக்கொண்டு தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குவோம்.

என்னோடு ஜோடியாக வேலை செய்தவரும் புரோட்டஸ்டாண்டுக்காரர்தான். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். வேலூர்ப் பக்கத்திலிருந்து எங்களுக்கு முன்பே பிழைக்க வந்த குடும்பம். நான் அவரை அண்ணா என்பேன். பாறையில் வெடிமருந்துக்கு ஓட்டை போடும் வேலை எங்களுக்கு. அவர் இரும்புக் கம்பியைப் பாறையில் வைத்துப் பிடித்துக்கொள்வார், நான் சம்மட்டியால் அடிப்பேன். ஒவ்வொரு அடிக்கும் அவர் கம்பியைக் கொஞ்சம் திருப்ப வேண்டும். சம்மட்டி ஒரு விரற்கடை விலகினால் அவர் மணிக்கட்டு போய்விடும். ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒரு நாளும் அவர் என் சம்மட்டியை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்த மெழுகுவத்தியை வைத்தும் சண்டை போடுவோம். "இன்னாப்பா, இதுக்கும் ஒரு பொம்ம வெச்சுக் கும்புடேன்" என்பார். "உங்க சபைல இருக்கிற இருட்டுக்கு இது பத்தாதுண்ணா" என்பேன். சிரித்துக்கொள்வோம். அவர் வீட்டிலிருந்து வரும் கேழ்வரகுக் களியில் எனக்கும் ஒரு உருண்டை இருக்கும். அதைக் கிண்டி அனுப்புவது அவருடைய தம்பி மனைவி. தம்பி இரண்டு வருஷத்துக்கு முன், நான் அண்ணாவுக்கு ஜோடியாகும் முன்பே, நாங்கள் வேலை செய்த அதே ஆழத்தில் பாறை சரிந்து இறந்துபோனார். அவளையும் அவளுடைய பெண் குழந்தையையும் அண்ணாவும் அவர் மனைவியும் தங்கள் கம்பெனி லைன் வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நாள் வெடி வைத்துவிட்டுப் புகை அடங்கக் காத்திருந்தோம். அவர் திடீரென்று கேட்டார்.

"உங்க சாமியார்கிட்ட பாவத்தச் சொல்றீங்களே, அவுரு வெளிய சொல்ல மாட்டாரா?"

எனக்கு வெல்லம் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கழுத்தை வெட்டினாலும் சாமியார் சொல்ல மாட்டார், சேசுநாதரே அப்போஸ்தலர்களுக்குக் கொடுத்த அதிகாரம் அது, சர்வேசுரனுக்கு எல்லாம் தெரிந்தாலும் மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் காது வேண்டியிருக்கிறது என்று பொழிந்து தள்ளினேன். "வாயத் தொறந்து சொன்னாத்தாண்ணா பாரம் எறங்கும்" என்று முடித்தேன்.

அவர் மெழுகுவத்தியின் கருகிய திரியைக் கிள்ளிவிட்டார். பிறகு, "நான் ஒண்ணு சொன்னா உன்னோட இருக்குமா?" என்றார்.

"மாதா மேல ஆணையா இருக்கும்ணா."

சொன்னார். தம்பி இறந்ததற்கு முந்தின நாள், தாங்கு மரம் ஒன்று விரிசல் விட்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். பாறை நெரிபடும் சத்தத்தையும் கேட்டிருக்கிறார். மேஸ்திரியிடம் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்று வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவானோ என்று சொல்லவில்லை. மறுநாள் காலையில் வயிற்று நோவு என்று படுத்துக்கொண்டார். தம்பி மனைவி ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். அண்ணாவின் இடம் பறிபோகக்கூடாதென்று, "மாமா படுத்திருக்கட்டும், நீங்க போங்க" என்று தன் புருஷனை அவளே அனுப்பி வைத்தாள்.

"செவுத்தப் பாத்துப் படுத்திருந்தேம்ப்பா. அவன் செம்பு கழுவுற சத்தம் கேக்குது. போவாதடான்னு ஒரு வார்த்த. அது வரல எனக்கு. சொன்னா பொய்யி தெரிஞ்சுடுமேன்னு இருந்துட்டேன்."

அழுதார். நானும் அழுதேன், அது பொய்யில்லை. மறுநாள் கேஜ் அருகே என்னைப் பார்த்ததும், "ராத்திரி தூங்கினேம்ப்பா" என்றார். எனக்கு எவ்வளவு பெருமை! அவர் தூங்கியதற்கல்ல, என் வாதம் பலித்ததற்கு. அப்போதே என்னை நான் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

மூன்று நான்கு வாரம் கழித்து அவர்கள் சபைக்கு வெளியூரிலிருந்து ஒரு புது உபதேசியார் வந்தார். வாய் சாமர்த்தியம் உள்ள ஆள். அந்த ஞாயிறு ஆப்பக்கடையில் பாவசங்கீர்த்தனத்தைப் பிடித்துக்கொண்டார். "இவன் வூட்டு அழுக்குத் தண்ணிய அவன் வூட்டுப் பானைல ஊத்தினா, தண்ணி சுத்தமாயிடுமாய்யா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதிகாரம், அப்போஸ்தலர் என்று நான் தொடங்கினால், அவர் இன்னொரு வேடிக்கை சொல்லி என் வாயை அடைத்தார். எனக்குக் காது வரை சூடு ஏறியது.

அண்ணாவுக்கு மட்டும் அன்றைக்கு வேறு ஜோடியோடு ஞாயிற்று ஷிப்ட். தம்பி மனைவி குழந்தையோடு அடுப்பண்டை நின்றிருந்தாள். நான் அவளைப் பார்க்காமல் இல்லை. வந்ததும் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுத்தான் வாதத்துக்கே நின்றேன்.

"சிரிக்காதீங்கய்யா. உங்க சபைக்காரர் ஒருத்தரு இன்னா பண்ணாரு தெரியுமா? பாறை சரியும்னு தெரிஞ்சும் வவுத்துநோவுன்னு பொய் சொல்லிப் படுத்துக்கினு, கூடப்பொறந்தவனத் தன் எடத்துக்கு உள்ள அனுப்பினாரு. ரெண்டு வருஷம் தூக்கமில்ல அவுருக்கு. உங்க பாட்டும் ஜெபமும் தூங்க வெச்சுதா? எங்கிட்ட வாயத் தொறந்து சொன்னாரு, அன்னிக்கு ராத்திரியே தூங்கினாரு. இப்பச் சொல்லுங்க, பாவசங்கீர்த்தனம் பொய்யா?"

உபதேசியார் வாய் மூடினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து, மார்பை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் அடுப்பண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேர் சொல்லவில்லையே என்று இன்றுவரை ஒரு மூலையில் என் மனசு முனகுகிறது. வேறு யாருக்குத் தம்பி செத்தான்?

அவள் என்னிடம் வந்தாள். சத்தம் போடவில்லை.

"அண்ணா, அப்ப மாமாவுக்கு அன்னிக்கு வவுத்துநோவு இல்லியா?"

எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவன், குழந்தையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் ஓமத்தண்ணி காச்சிக் குடுத்தேனே" என்றாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆப்பம் கருகி, கடைக்காரம்மா அதைச் சுரண்டி வெளியே போட்டாள்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஊருக்குக் கிளம்பினாள். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் எனக்கு முகமில்லை. ஸ்டேஷனில் தண்ணீர்த் தொட்டியின் பின்னால் நின்று பார்த்தேன். அண்ணா அவளுடைய தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பத்தடி பின்னால் வந்தார். அவர் பெட்டியை ஏற்றி வைக்கும்வரை அவள் வேறு பக்கம் பார்த்து நின்றாள். குழந்தைதான் என்னைக் கண்டுகொண்டது. ரயில் நகரும்போது ஜன்னலிலிருந்து எனக்குக் கையாட்டியது.

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். ஆப்பக்கடைக்கு மறுநாள் திங்கட்கிழமையே வழக்கம்போல வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் முதல் அடி கம்பியின் ஓரத்தில் பட்டது. "ஒழுங்கா அடிப்பா" என்றார், அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் வெறும் பழைய சோற்றைத் தனியாகப் போய்ச் சாப்பிட்டார்.

எங்கள் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் முழங்காலிட்டுச் சொன்னேன். அவர் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலையும், அந்த மனிதரிடம் நேரில் மன்னிப்புக் கேட்பதும் அபராதம் என்றார். செபமாலையை அன்றைக்கே சொல்லி முடித்தேன். மற்றதற்கு மூன்று மாதம் ஆயிற்று. தினம் எட்டு மணி நேரம் அவருக்கு ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அதைச் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் ஒரு நாள், ஓட்டை பாதி போட்டிருந்தபோது சம்மட்டியைக் கீழே வைத்தேன். "அண்ணா, மன்னிச்சுடு. ஜெயிக்கணும்னு சொல்லிட்டேன்" என்றேன்.

அவர் கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. கோபமாகக்கூடப் பேசவில்லை.

"நீ சொன்னதெல்லாம் சரிதாம்ப்பா. சொன்னா பாரம் எறங்குது. சொன்னத வெச்சுக்கிற ஆளாண்டதான் சொல்லணும், அதுவும் சரி. நான் உங்க சாமியாராண்ட போயிருக்கணும். உங்கிட்ட வந்துட்டேன்."

அவர் கம்பியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, எப்போதும்போல என் சம்மட்டியைப் பார்க்காமல், "அடி" என்றார்.